வீட்டுச் சத்தத்துக்குள்ள ஒரு மணி நேரம்

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை நீங்க எங்க உட்கார்ந்து கேட்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்கள்ல கொஞ்சம் பேர் ஹெட்போன் மாட்டியிருக்கிறதுக்குக் காரணமே, சுத்தி இருக்கிற சத்தத்துலேர்ந்து தப்பிக்கத்தான்னு நினைக்கிறேன். அப்படின்னா இது உங்களுக்கான எபிசோடு.

நம்ம ஊர்ல ஒரு சிங்கிள் பெட்ரூம் வீட்டை எடுத்துக்குவோம். அஞ்சு பேர் இருக்காங்க. ஹால்ல சீரியல் ஓடுது. கிச்சன்ல குக்கர் மூணாவது விசில் அடிக்குது. தம்பி ரீல்ஸ் பார்க்கிறான், அதுவும் ஸ்பீக்கர்ல. மாடி வீட்ல யாரோ நாற்காலியை இழுக்கறாங்க. தெருவுல தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்குது. இதுக்கு நடுவுல ஒருத்தர் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கணும். இன்னொருத்தர் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமாவது தூங்கணும்.

இந்த நிலைமைக்கு இன்டர்நெட்ல கிடைக்கிற முதல் அறிவுரை, "தனியா வீடு பார்த்துக்கிட்டுப் போயிடு". சரி, வாடகையும் அட்வான்ஸும் யார் கொடுப்பா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத வீட்டை விட்டுட்டுப் போக முடியுமா? கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணு "சத்தமா இருக்கு, நான் தனியா தங்கறேன்"னு சொன்னா அந்தப் பேச்சு எங்கே போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். அதனால இன்னைக்கு அந்த அறிவுரையை ஓரமா வெச்சிடுவோம். இப்போதைக்கு வீட்டை விட்டுப் போக முடியாதுன்னு ஒத்துக்கிட்டே பேசுவோம்.

ஒரு பொத்தானின் கதை

முதல்ல ஒரு பழைய ஆராய்ச்சி. அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் நகரத்துச் சத்தம் மனிதர்களை என்ன செய்கிறது என்று வரிசையாகப் பல சோதனைகள் நடத்தினார்கள். 1972இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய சத்தமே சுவாரசியமானது. இரண்டு பேர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், ஒருவர் அர்மீனிய மொழி பேசுகிறார், கூடவே டைப்ரைட்டர், கணக்குப் போடும் இயந்திரம், நகல் எடுக்கும் இயந்திரம். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்து, விட்டு விட்டு ஒலிக்கவிட்டார்கள். கேட்டா நம்ம வீட்டு ஹால் மாதிரியேதான் இருந்திருக்கும்.

சத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை மக்கள் ஓரளவு நன்றாகவே செய்து முடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. விஷயம் அதற்குப் பிறகுதான். சத்தம் நின்ற பின், அமைதியான சூழலில், கஷ்டமான புதிர்களைக் கொடுத்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தப் புதிர்களைச் சீக்கிரமே கைவிட்டார்கள். பிழை திருத்தும் வேலையிலும் அதிகம் தவறவிட்டார்கள். சீரான இடைவெளியில் வந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை.

அடுத்து இன்னொரு குழு. அவர்களிடம் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியவில்லை என்றால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். பெரும்பாலானவர்கள் அழுத்தவே இல்லை. சத்தமும் அதே அளவுதான். ஆனாலும் அவர்கள் பிறகு அந்தப் புதிர்களில் மற்றவர்களைவிட அதிக நேரம் விடாமல் முயன்றார்கள்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காதுக்குள்ள போன சத்தம் ஒண்ணுதான். நிறுத்த வழி இருக்குங்கற நினைப்பு மட்டும்தான் வித்தியாசம். சத்தம் எவ்வளவு பெரிசுங்கறது ஒரு பாதி. அது எப்ப வரும், எப்ப நிக்கும்கறதுல நமக்கு ஒரு பிடிமானமும் இல்லாததுதான் மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியிலதான் நம்மால ஏதாவது செய்ய முடியும். இன்னைக்கு நான் சொல்லப்போற எல்லாமே அந்த பொத்தானை வீட்டுக்குள்ள எப்படிச் செஞ்சுக்கறதுங்கறதைப் பத்தித்தான்.

"உனக்குப் பொறுமையே இல்ல"

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த ஆராய்ச்சியை நான் முதல்ல சொன்னதுக்குக் காரணம் இருக்கு.

சத்தமான வீட்ல வளர்ற நிறையப் பேர் தங்களைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. "எனக்கு கவனமே நிக்காது", "கஷ்டமான கணக்கு வந்தா மூடி வெச்சிடுவேன்", "எனக்குப் படிப்பு வராது". வீட்லயும் அதையேதான் சொல்லுவாங்க. ஆனா எப்ப வரும்னு தெரியாத சத்தத்துல உட்கார்ந்திருந்த யாரா இருந்தாலும் கஷ்டமான வேலையைச் சீக்கிரம் கைவிடறாங்கன்னு இப்பத்தான் பார்த்தோம். நீங்க உங்க குணம்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறதுல கொஞ்சம் உங்க வீட்டுச் சுவரோடதா இருக்கலாம்.

இதுக்கு இன்னும் நேரடியான ஆதாரம் இருக்கு. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஓடும் நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டப்பட்ட 32 மாடி அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே வசித்த பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1973இல் வெளிவந்தது. சாலைக்குப் பக்கத்தில், கீழ்த்தளங்களில் இருந்த பிள்ளைகள் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறிவதிலும் வாசிப்பதிலும் மேல்தளப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வசித்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பழகப் பழகச் சரியாயிடும்னு நாம சொல்றோமே, அங்க அப்படி நடக்கல.

அதே நகரத்தில் இன்னொரு ஆய்வு. ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி மேம்பால ரயில் ஓடியது. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். அந்தப் பக்கம் படித்த பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருப்பதை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற ஆய்வாளர் 1975இல் காட்டினார். மேல் வகுப்புகளில் அது கிட்டத்தட்ட ஒரு வருடப் பின்னடைவு. அதோடு அவர் நிற்கவில்லை. தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் போட வைத்தார். வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் வந்தன. சில வருடங்கள் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாக வாசித்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது அந்த முடிவுதான். பள்ளிக்கூடம் அதேதான். கொஞ்சம் ரப்பரும் பலகையும் போதுமானதா இருந்திருக்கு.

பேச்சுச் சத்தம் ஏன் இவ்வளவு தொந்தரவு?

ஃபேன் ஓடற சத்தத்துல நல்லாத் தூங்கறவங்க, பக்கத்து ரூம்ல யாரோ மெதுவா பேசினாக்கூட முழிச்சுக்கறாங்க. ஏன்?

சீரா ஓடற சத்தத்தை மூளை கொஞ்ச நேரத்துல பின்னாடி தள்ளிடும். மாறிக்கிட்டே இருக்கிற சத்தத்தைத் தள்ள முடியாது. மனிதப் பேச்சு நொடிக்கு நொடி மாறுகிறது. படிக்கும்போது நாம் மனதுக்குள் வார்த்தைகளை வரிசையாகச் சொல்லிப் பிடித்து வைக்கிறோம் அல்லவா, அந்த வேலையைப் பின்னணிப் பேச்சு கலைத்துவிடுகிறது. 1976லிருந்தே ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. புரியாத மொழியில் பேசினாலும் நடக்கிறது. மெதுவாகப் பேசினாலும் நடக்கிறது.

அதனால "டிவி சவுண்டைக் கொஞ்சம் குறைச்சு வெச்சிருக்கேனே, அப்புறம் என்ன?"ன்னு வீட்ல கேட்டா, அவங்க மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. வால்யூமைக் குறைச்சாலும் வசனம் காதுல விழற வரைக்கும் மனப்பாடத்துக்கு அது இடைஞ்சல்தான்.

இதுலேர்ந்து நமக்கு ரெண்டு வழி கிடைக்குது.

ஒண்ணு, மாறற சத்தத்துக்கு மேல ஒரு மாறாத சத்தத்தைப் போர்த்தறது. நம்ம ஊர்ல அதுக்குச் சீலிங் ஃபேனே போதும், இல்லேன்னா ஒரு சின்ன டேபிள் ஃபேன். அதைச் சத்தம் வர்ற பக்கத்துக்கும் உங்களுக்கும் நடுவுல வைங்க. ஃபோன்ல மழைச் சத்தம், அருவிச் சத்தம் ஓட விடலாம். பாட்டு வேண்டாம். வரிகள் இருக்கிற பாட்டும் ஒரு பேச்சுதானே. ஃபேன் பேச்சை முழுசா அழிக்காது, ஆனா வார்த்தைகளோட ஓரத்தை மழுங்கடிச்சிடும். அது போதும்.

ரெண்டாவது, வேலையைச் சத்தத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி வைக்கறது. மனப்பாடம் பண்றது, புதுப் பாடத்தைப் படிச்சுப் புரிஞ்சுக்கறது, ஒரு முக்கியமான மெயில் எழுதறது, இதெல்லாம் அமைதி கேட்கிற வேலை. நோட்ஸைப் பார்த்து எழுதறது, மேப் குறிக்கிறது, பழைய வினாத்தாளைப் பிரிச்சு அடுக்கறது, துணி மடிக்கிறது, இதெல்லாம் சத்தத்துலயும் நடக்கும். சீரியல் நேரத்துல முதல் வகையைச் செய்யப் போய்த் தோத்து, அந்தக் கோபத்துல ராத்திரி முழுக்க ஒண்ணும் செய்யாம விடறதுதான் நிறைய வீட்ல நடக்குது.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு

எந்த வேலையை எப்ப வைக்கறதுன்னு தெரியணும்னா முதல்ல சத்தம் எப்ப வருதுன்னு தெரியணும். "எங்க வீட்ல எப்பவுமே சத்தம்தான்"னு சொல்லுவோம். ஒரு வாரம் எழுதி வெச்சுப் பாருங்க. எந்த நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம். அவ்வளவுதான்.

எழுதும்போது தெரியும், எல்லாச் சத்தத்துக்கும் ஒரு கால அட்டவணை இருக்கு. மோட்டார் போடற நேரம், மிக்ஸி ஓடற நேரம், பக்கத்து வீட்டுப் பசங்க டியூஷன்லேர்ந்து திரும்பற நேரம், அப்பா செய்தி பார்க்கற நேரம். அதுக்கு நடுவுல கண்டிப்பா ரெண்டு மூணு இடைவெளி இருக்கும். காலையில அஞ்சு மணிலேர்ந்து ஆறரை, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கண்ணசரும் ஒரு மணி நேரம், இப்படி. உங்க நாளோட கஷ்டமான வேலை அங்கதான் போய் உட்காரணும்.

இன்னொரு லாபமும் இருக்கு. கிளாஸ், சிங்கர் சோதனையில சீரான இடைவெளியில வந்த சத்தம் அவ்வளவா பாதிக்கலைன்னு பார்த்தோம் இல்லையா? எட்டு மணிக்கு மிக்ஸி ஓடும்னு தெரிஞ்சு உட்கார்ந்திருக்கும்போது, அதே மிக்ஸி உங்களைத் தூக்கிப் போடாது.

அடைக்கறது, கீழ வைக்கறது, காதுல வைக்கறது

இப்ப செலவு கம்மியான சில வேலைகள்.

முட்டை அட்டையைச் சுவத்துல ஒட்டினா சத்தம் உள்ளே வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. வராமல் இருக்காது. அது அறைக்குள்ள எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். சத்தத்தைத் தடுக்கறதுக்கு எடை வேணும், இடுக்கு இல்லாம இருக்கணும். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மற்ற இடம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தச் சுவரால் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதனால முதல்ல கதவைப் பாருங்க. கதவுக்கு அடியில இருக்கிற இடைவெளியில ஒரு பழைய புடவையைச் சுருட்டி வைங்க. ஜன்னல் சட்டத்து இடுக்குல ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ஸ்பான்ஞ் டேப்பை ஒட்டுங்க. பக்கத்து வீட்டுச் சுவர்னா, துணியும் புத்தகமும் நிறைஞ்ச பீரோவை அந்தச் சுவத்துப் பக்கம் நகர்த்தி வைங்க.

மிக்ஸியும் கிரைண்டரும் காத்து வழியா மட்டும் சத்தம் போடறதில்ல. கடப்பாக் கல் மேடை அதிரும், அது சுவரோட சேர்ந்து அதிரும். மிக்ஸிக்கு அடியில ஒரு தடிமனான ரப்பர் ஷீட்டோ, நாலா மடிச்ச துண்டோ போட்டுப் பாருங்க. மிக்ஸியோட காத்துத் துவாரத்தை மட்டும் மூடிடாதீங்க. நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டலாம். மாடி வீட்டுக்காரங்களுக்கும் ஒரு செட் வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்க. சண்டை போடப் போறதைவிட இது நல்லா வேலை செய்யும்.

அடுத்து, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஃபோம் இயர்பிளக். அது வேலை செய்யலைன்னு தூக்கிப் போட்டவங்க பல பேர், சரியா வைக்கத் தெரியாம போட்டவங்க. விரலால மெல்லிசா உருட்டணும். இன்னொரு கையால காதை மேலயும் பின்னாடியும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வைக்கணும். அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். பாதி வெளிய துருத்திக்கிட்டு இருந்தா அது சரியா உட்காரலைன்னு அர்த்தம். காதுல சீழ், வலி இருந்தா வைக்காதீங்க. வீட்ல உடம்பு சரியில்லாதவங்களை நீங்கதான் பார்த்துக்கறீங்கன்னா, அவங்க கூப்பிட்டா வேற யாராவது எழுந்திருப்பாங்களான்னு கேட்டு வெச்சுட்டுப் போடுங்க.

ஹெட்போன் பத்தியும் சொல்லணும். வெளிச் சத்தத்தை அமுக்கறதுக்காக வால்யூமை ஏத்திக்கிட்டே போறது நம்மள்ல பல பேருக்குப் பழக்கம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்குப் போனா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்தே டெசிபல் கூடினதுக்கு நேரம் பத்துல ஒண்ணா சுருங்குது. அதனால முதல்ல இயர்பிளக், ஃபேன், கதவு இடுக்கு. அதுக்கு அப்புறம் ஹெட்போன், குறைஞ்ச வால்யூம்ல.

சத்தத்துக்குப் பின்னாடி இருக்கிற ஆள்

இப்ப கஷ்டமான பகுதி. வீட்டுக்குள்ள வர்ற பெரும்பாலான சத்தத்துக்குச் சொந்தக்காரங்க நமக்கு வேண்டியவங்க.

அப்பா டிவியை முப்பதுல வெச்சிருக்கார். "குறைங்கப்பா"ன்னா ரெண்டு நிமிஷம் குறைப்பார், மறுபடி ஏத்திடுவார். வேணும்னே பண்றார்னு நமக்குக் கோபம் வரும். கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஃபோன்ல பேசும்போது "என்ன? என்ன?"ங்கறாரா? "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல"ங்கறாரா? வயதாகும்போது உச்ச அதிர்வெண் ஒலிகள்தான் காதிலிருந்து முதலில் மறையும். ஸ, ச, த மாதிரியான மெய்யொலிகள் மங்கிவிடும். வார்த்தையின் பொருள் அதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதனால் வால்யூமை ஏற்றுகிறார்கள். அந்த வீட்டுக்குத் தேவை சண்டை இல்ல, ஒரு காது பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. அது வரைக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்குப் பக்கத்துலயே வெச்சு டிவியோட இணைச்சிடுங்க. காதுக்குக் கிட்ட இருந்தா பாதி வால்யூமே அவருக்குப் போதும்.

பாட்டிக்குப் பகல் முழுக்க டிவி ஓடணும். அவங்க அதைப் பார்க்கக்கூட மாட்டாங்க. வீட்ல எல்லாரும் வேலைக்கும் காலேஜுக்கும் போன பிறகு அந்த ஹால்ல பேசறதுக்கு இருக்கிற ஒரே குரல் அதுதான். டிவியை அணைக்கச் சொன்னா, அந்த ஒரே துணையையும் பிடுங்கற மாதிரி. நீங்க கேட்கறது நியாயமாவே இருந்தாலும் அவங்களுக்கு அது அப்படித்தான் படும்.

அதனால கேட்கற விதத்தை மாத்துங்க. "ஏன் எப்பப் பார்த்தாலும் சத்தம்?"னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. எப்பவும் அமைதியா இருங்கன்னு கேட்டாலும் யாராலயும் கடைப்பிடிக்க முடியாது. நேரத்தைச் சொல்லிக் கேளுங்க. "அம்மா, ஒன்பது வரைக்கும் சீரியல் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒன்பதுலேர்ந்து பத்து எனக்குக் கொடுங்க. பரீட்சை முடியற வரைக்கும்தான்." இதுல ஆரம்பம் இருக்கு, முடிவு இருக்கு, அவங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. அந்த ஒரு மணி நேரம்தான் உங்க வீட்டுப் பொத்தான். அதைக் கோபத்துல இருக்கும்போது கேட்காதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிச்சிட்டு, எல்லாரும் இலகுவா இருக்கும்போது கேளுங்க.

நைட் ஷிஃப்ட் பார்க்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். பகல்ல தூங்கறவங்களை நம்ம வீடுகள் சோம்பேறின்னுதான் பார்க்கும். கதவுல ஒரு தாள் ஒட்டுங்க: "10 முதல் 4 வரை எனக்கு இது ராத்திரி". சிரிப்பாங்க, பரவாயில்ல. சிரிச்சுட்டு மெதுவா நடப்பாங்க. அந்த நேரத்துக்குக் காலிங் பெல்லை அணைச்சிடுங்க. கூரியருக்கு வீட்ல இன்னொருத்தர் நம்பரைக் கொடுங்க.

இதுல இன்னொரு ரகம் இருக்கு. பக்கத்துல உட்கார்ந்து சப்புக் கொட்டிச் சாப்பிடற சத்தம், மூக்கை உறிஞ்சற சத்தம், இதைக் கேட்டா சிலருக்கு உடம்பெல்லாம் எரியற மாதிரி கோபம் வரும். அதுக்கு மிசோஃபோனியான்னு பேர். 2001இல் வைக்கப்பட்ட பேர் அது. உங்களுக்கு அப்படி இருந்தா நீங்க திமிர் பிடிச்சவங்க இல்ல. சாப்பிடும்போது ஃபேனைப் போடுங்க, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. தாங்க முடியாத அளவுக்குப் போனா ஒரு மனநல மருத்துவர்கிட்ட பேசலாம். அரசோட டெலி மானஸ் இலவச எண் 14416.

தெருவிலேர்ந்து வர்ற சத்தம்

வீட்டுக்குள்ள அம்மா போடற டிவிக்குச் சட்டம் வராது. தெருவிலேர்ந்து வர்றதுக்கு வரும். மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு 12 மணி வரை அனுமதி கொடுக்கலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. பகலிலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலமான அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இரவில் ஓட்டக் கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் இரவு நேர ஒலிபெருக்கித் தடையை உறுதி செய்தது.

ஆடி மாசம் வந்தா கூழ் ஊத்தற திருவிழா, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்க. சட்டம் இப்படி இருக்குன்னு தெரிஞ்சாலும் தெருவுல தனியா ஒருத்தர் போய்க் கேட்கறது கஷ்டம், எனக்குப் புரியுது. "சாமி காரியத்துக்குக் குறுக்கே நிக்கறான்"னு பேர் வரும். அதனால தனியாப் போகாதீங்க. அதே தெருவுல கைக்குழந்தை இருக்கிற வீடு, ஆபரேஷன் ஆன பெரியவர் இருக்கிற வீடு, பத்தாவது பன்னெண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு இருக்கும். நாலு வீடா சேர்ந்து, விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய்ப் பேசுங்க. ஸ்பீக்கர் வாயை வீடுகள் பக்கம் இல்லாம மாத்திக் கட்டச் சொல்லுங்க, பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லுங்க. இதுக்குப் பல இடத்துல ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலைன்னா பத்து மணிக்கு மேல 100 அல்லது 112க்குக் கூப்பிடலாம். தேதியும் நேரமும் குறிச்சு வெச்சுக்கோங்க.

கொஞ்ச நேரம் மட்டும் வெளியே

வீட்டை விட்டுப் போக முடியாதுன்னு சொன்னோம். ஒரு ரெண்டு மணி நேரம் போக முடியுமான்னு பார்க்கலாம். சென்னை கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, நம்ம சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போய்ப் படிக்கறதுக்கே அங்க தனிப் பகுதி இருக்கு. எழும்பூர்ல கன்னிமாரா, மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பல மாவட்டங்கள்ல மாவட்ட மைய நூலகம் இருக்கு. பணம் கட்ட வேண்டாம், ஏன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கேன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

ஆனா ஒண்ணை மறக்கக் கூடாது. சத்தம் தாங்கலைன்னா பையன் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடிக்கோ டீக்கடைக்கோ போயிடுவான். அக்காவும் தங்கச்சியும் போக முடியாது. அதே சத்தத்துல அவங்க உட்கார்ந்திருக்கணும், கூடவே சமையல் வேலையும் இருக்கும். அண்ணன் தம்பிங்க இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, வீட்ல அந்த ஒரு மணி நேரத்தை முதல்ல அவங்களுக்கு வாங்கிக் கொடுங்க. நீங்க கேட்டா வீட்ல இன்னும் சீக்கிரம் கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்படி இருக்கிறது நியாயமில்லதான். இருக்கிற வரைக்கும் அதை அவங்களுக்காகப் பயன்படுத்துங்க.

இது வேற சத்தம்

கடைசியா ஒண்ணு. நான் இதுவரைக்கும் சொன்னது எதுவுமே பொருந்தாத ஒரு சத்தம் இருக்கு. அப்பா குடிச்சிட்டு வந்து கத்தறது, பாத்திரம் உடையறது, அம்மா அழறது, அடி விழற சத்தம். அதுக்கு இயர்பிளக் வாங்காதீங்க. அது ஒலி மாசு இல்ல, வன்முறை. பெண்களுக்கான உதவி எண் 181. பதினெட்டு வயசுக்கு உட்பட்டவங்கன்னா 1098. ரெண்டும் எந்நேரமும் இயங்கும், இலவசம். அந்த நிமிஷமே ஆபத்துன்னா 112. "எங்க வீட்ல கொஞ்சம் சத்தமா இருக்கும்"னு வெளியில சொல்லிச் சமாளிக்கிற பல பேர் இந்த வீட்லதான் இருக்காங்க. நீங்க அதுல ஒருத்தர்னா, சத்தத்தைப் பொறுத்துக்கறதுக்கு வழி தேட வேண்டாம். உதவி கேளுங்க.

மத்த எல்லாருக்கும் இந்த வாரத்துக்கு ரெண்டு வேலை. ஒரு நோட்டு எடுத்துச் சத்தத்தோட நேரத்தை எழுதுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை, வீட்ல இருக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு மணி நேரம் கேளுங்க. முழு வீடும் அமைதியாகாது. அந்த ஒரு மணி நேரம் உங்க கையில இருந்தா, மீதி நேரத்தைத் தாங்கறது கொஞ்சம் சுலபமாகும்.

கேட்டதுக்கு என்ன பதில் கிடைச்சதுன்னு எங்களுக்கு எழுதுங்க. கிடைக்கலைன்னாலும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.